முப்பத்திரண்டாவது கடவுச்சீட்டு

பக்கத்து வீட்டுக்காரர் மூங்கில் வெட்டுகிறார். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வேலிக்கு அடியால் சுரங்கம் தோண்டி வந்து என் கத்தரிப் பாத்திக்குள் தலை நீட்டிய மூங்கில். கவுன்சிலுக்கு எழுதப் போகிறேன் என்று மூன்று வருடமாக மிரட்டியதற்குப் பலனாக இன்று காலை மின்வாள் உறுமியது. ஜன்னலைத் திறந்தேன். பச்சை மணம். வெள்ளரிக்காயை ஒடித்தது போல, மழையில் நனைந்த பாயை உதறியது போல. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக எழுந்து காற்றில் தலைகளை எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

தேநீரோடு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஆரை எண்ணுறியள்? வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தானே."

சுற்றுலாக் குழுக்களுக்குப் புதிதாகக் கொடி தூக்க வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, இதுதான் பதினாறு வருடத் தொழில் எனக்கு விட்டுச் சென்ற சொத்து. எண்ணும் கை ஒன்று, மடங்காத முழங்கால் இரண்டு. ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சீனத்து மலைப்படிகள் என் வயதைக் கேட்டு விட்டு முழங்காலைத் தொடவில்லை.

விசா எடுப்பது, விடுதி பிடிப்பது, வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது எல்லாம் உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. என்னுடைய மிகப் பெரிய கெட்டித்தனம் என்று நான் நினைத்திருந்த ஒன்றைப் பற்றி.

எங்கள் சனத்தைத் தெரியும்தானே. லண்டனில் ஒரு கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை குடும்பம் என்றுதான் கேட்பார்கள். நான் அதையே தொழிலாக்கினேன். ஒரு குழுவில் ஆறு குடும்பம் என்றால் எனக்கு ஆறு பேர்தான் கணக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தலைவர். வாசலில் நின்று நான் ஊர்ப் பெயரைக் கூப்பிடுவேன். "நோர்பரி?" "ஐஞ்சு!" "தோர்ண்டன் ஹீத்?" "ஆறு!" "ஹரோ?" "ஏழு!" அரை நிமிடத்தில் கணக்கு முடியும். தொலைபேசிச் சிம்மும் குடும்பத்துக்கு ஒன்று. தகவல் அனுப்பும் குழுவிலும் குடும்பத்துக்கு ஒருவர். மற்ற வழிகாட்டிகள் ஆடு மேய்ப்பவர் போல விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருக்க, நான் ஓர் இசை நடத்துநர் போலக் கையை வீசிவிட்டு நடப்பேன். அந்த நடையை இப்போது நினைத்தாலும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருடம் பயணத்துக்கு முன்னான கூட்டம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மீன் ரோல்ஸ், பால்தேத்தண்ணி, "அங்க பாம்பு சமைச்சுத் தருவினமோ?" என்ற வழக்கமான கேள்வி. செங்டு நகரத்தில் பாண்டாக்கள், அங்கிருந்து ரயிலில் சியான், சியானில் மண்சிப்பாய்கள், கடைசியாக சின்லிங் மலைக்காட்டில் பொன்னிறக் குரங்குகள். திரையில் படம் ஓடும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார்.

"தம்பி, அந்தக் குரங்கைக் கிட்டப் பாக்க ஏலுமோ?"

அவர்தான் தவமலர் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை. அந்த அறைச் சுவரில், பக்கத்துச் சீன உணவுக்கடை கொடுத்த நாட்காட்டி தொங்கியதாம். ஒரு மாதத்துக்குரிய படத்தில் நீல முகமும் பொன் மயிருமாக ஒரு குரங்கு. மாதம் முடிந்த பிறகும் அவர் அந்தத் தாளைத் திருப்பவில்லை. அவருடைய தம்பி நேசன் நோர்பரியில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருந்தார். அந்தக் குடும்பம் வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அக்காவும் பதிந்தார். ஆனால் தனியாக, தன் பெயரில், தன் விடுமுறையில்.

என்னுடைய படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். அதில் அவர் தன் பெயரை எழுதியிருந்தார். "குடும்பத்தினர் எண்ணிக்கை" என்ற கட்டத்தில், ஒன்று. "பயண நோக்கம்" என்பதை எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். அவர் எழுதியிருந்தார்: "பொன்னிறக் குரங்கைப் பார்க்க."

நான் சிரித்தேன். ஒருவரை எப்படி ஒரு குடும்பம் என்பது? என் பட்டியலில் நோர்பரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டு ஒன்று என்று எழுதினேன். பென்சிலால். தங்கைமாரே, ஒரு மனிதரைப் பென்சிலால் எழுதினால் அது அழிவதற்கு அழிறப்பர் தேவையில்லை.

செங்டுவில் எங்களை வரவேற்ற வழிகாட்டியின் பெயர் லின். இருபத்தாறு வயதுப் பெண், மஞ்சள் கொடி, ஒலிவாங்கி மாட்டிய சின்னப் பெட்டி ஒன்று இடுப்பில். முதல் நாளே ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஒவ்வொருவராக நான் எண்ணட்டுமா? தோளைத் தொட்டு எண்ணுவது என் பழக்கம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கள் பண்பாட்டில் குடும்பமாகத்தான் எண்ணுவோம்" என்றேன். இரண்டாயிரம் வருடத்துப் பெருமையை ஒரு வாக்கியத்தில் ஏற்றிச் சொன்னேன். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். சீனர்களின் அந்தத் தலையசைப்பில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை அறிய எனக்கு மேலும் சில நாள் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் காலை பாண்டாக்கள். ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்: பாண்டா காலையில் தின்னும், பிறகு தூங்கும், தூங்குவதற்கு அது தேர்ந்தெடுக்கும் திசை எப்போதும் உங்களுக்கு முதுகு காட்டும் திசை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெட்டிய மூங்கில் குவியல் குவியலாக மணத்துக்கொண்டு கிடந்தது. அதன் நடுவே கறுப்பு வெள்ளை முதுகுகள். அந்த முதுகுகளுக்கு முன்னால் எங்கள் ஆறு குடும்பமும் மாறி மாறி நின்று படம் எடுத்தது. எடுத்தவர் தவமலர் அக்கா.

"அக்கா, ஒருக்கா எடுத்து விடுங்கோ."

"மச்சாள், இன்னொண்டு. நான் கண்ணை மூடிட்டன்."

"அன்ரி, லான்ட்ஸ்கேப்பில ஒண்டு பிளீஸ்."

அவருக்குக் கூடவே நின்று படம் எடுக்கக் குடும்பம் இல்லை; எனவே எல்லோருடைய கையடக்கத் தொலைபேசியும் அவருடைய கைக்கு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். நானும் ஒன்று எடுப்பித்தேன், ஒளிப்பானேன்?

ஒன்றரை மணிக்கு சியானுக்கு ரயில். வாசலில் நின்று கூப்பிட்டேன். நோர்பரி ஐந்து. தோர்ண்டன் ஹீத் ஆறு. குட்மேய்ஸ் நான்கு. ஹரோ ஏழு. இல்ஃபோர்ட் நான்கு. சட்டன் ஐந்து. எல்லாம் சரி. கையை வீசினேன். கோச் புறப்பட்டது. பின்னால் யாரோ முறுக்குப் பை பிரித்தார்கள். எனக்கும் இரண்டு வந்தது.

பாதுகாப்புக்கு என்று எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் நானே வைத்திருப்பேன், அதுவும் ஒரு பெருமை. ரயில் நிலையத்து வாசலில் ஒவ்வொருவருடைய சீட்டையும் இயந்திரத்தில் காட்ட வேண்டும். குடும்பம் குடும்பமாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக சட்டன் குடும்பம் ஐந்தையும் வாங்கிக்கொண்டு போனது. என்னுடையது கழுத்துப் பையில் இருந்தது.

கையில் ஒன்று மிஞ்சியது.

நான் அதைத் திறக்கவில்லை. ஒரு கணம், உண்மையாகச் சொல்கிறேன், யாரோ இரண்டு கடவுச்சீட்டு கொண்டுவந்து விட்டார்கள் என்று நினைத்தேன். மனிதன் தன் பிழையைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு தூரம் ஓடுவான் பாருங்கள். பிறகு திறந்தேன். சிரிக்காத முகம். தவமலர் அக்கா.

"நேசன் அண்ணை, அக்கா எங்க?"

"உங்களோட எண்டெல்லோ நினைச்சன். அவ தனிப் புக்கிங்தானே."

"நீங்கள் ஐஞ்சு எண்டனியள்."

"நாங்கள் ஐஞ்சுதானே தம்பி. நானும் மனிசியும் மூண்டு பிள்ளையளும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்டதில்தான் பிழை.

லின் உடனே பாண்டா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அடையாளம் சொல்ல ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள். முப்பத்தொரு பேரும் தத்தம் தொலைபேசியைத் தட்டினார்கள். பாண்டா முதுகுகள், பிள்ளைகள், பூக்கள், கோச்சின் சக்கரம் கூட இருந்தது. அக்கா ஒரு படத்திலும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர். கடைசியில் கடவுச்சீட்டின் பக்கத்தைத்தான் படம் பிடித்து அனுப்பினோம். அக்காவைத் தொலைபேசியில் கூப்பிடவும் முடியாது. குடும்பத்துக்கு ஒரு சிம் என்ற என் மகத்தான திட்டத்தில் அவருக்குச் சிம் இல்லை.

நாற்பது நிமிடத்தில் ரயில். என் முதல் யோசனை லின்னைத் திருப்பி அனுப்புவது. மொழி தெரிந்தவள், இளமையானவள், என்னை விட வேகமாக ஓடக்கூடியவள். நான் குழுவோடு பத்திரமாகப் போகலாம் என்று நினைத்ததை லின்னிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்த கடவுச்சீட்டைப் பார்த்தாள்.

"அவர் யாரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்? என்னையா?" என்றாள்.

சரி. அவள் குழுவோடு ரயிலில் போவது, நான் வாடகைக் காரில் திரும்புவது என்று முடிவாயிற்று. இந்த முடிவு சரியானது. அதைச் சொல்லிக்கொடுத்தவள் என்னை விட இருபது வயது இளையவள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முடிவை யாரும் சொல்லித் தரவில்லை, நானே எடுத்தேன், எனவே அது நாசமாயிற்று.

குழு பரபரத்துக்கொண்டிருந்தது. "என்ன தம்பி, ஆளை விட்டிட்டு வந்திட்டீரோ?" என்று தோர்ண்டன் ஹீத் துரை அண்ணை கேட்டார். இளைப்பாறிய தபால் நிலையத்துக்காரர். எந்தக் கூட்டத்திலும் எல்லோர் மனதிலும் உள்ளதைச் சத்தமாகச் சொல்பவர். பக்கத்தில் நேசனின் மனைவி சுகந்தி, "மச்சாள் எப்பவும் இப்பிடித்தான். பராக்குப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பா," என்றார். மூழ்கிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு கட்டை. லின்னின் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"ஒருத்தரும் யோசிக்காதேங்கோ. அக்கா வழி மாறிப் போயிட்டா. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அவ்வளவுதான். நாலு சொல். முகங்கள் இளகின. "பாவம் தம்பி," என்று எனக்கே பரிதாபப்பட்டார்கள். சுகந்தி ஒரு சம்பல் பாண் பொதியைக் கையில் திணித்தார். நேசன், "நான் பிள்ளையளோட போறன், நீங்கள் பாத்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். பிழை விட்டவனுக்கு வழித்துணைச் சாப்பாடு கிடைத்தது, விடப்பட்டவருக்குப் பழி.

பிள்ளைகளே, இடி விழுந்த நேரத்தில் முதலாவதாக வாயில் வரும் சொல் பெரும்பாலும் உங்களைக் காப்பாற்ற வரும் சொல். அதை விழுங்கிவிட்டு இரண்டாவது சொல்லைத் தேடுங்கள். தொண்டையில் கொஞ்சம் குத்தும். பரவாயில்லை.

காரில் போகும்போதே லின்னிடமிருந்து செய்தி வந்தது: "ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் தலையை ஆட்டி மறுக்கிறாராம்." கோபம் என்று முடிவு செய்தேன். வழி முழுக்க மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன், இரண்டு சம்பல் பாணையும் பதற்றத்தில் தின்றுவிட்டேன்.

மூங்கில் வளைவைத் தாண்டினால் அந்த வாங்கு. மதிய வெயில் இலை இலையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவித்த சோளம் ஒன்று, பாதி தின்றது. நிலையத்துக் கூட்டும் பெண் கொடுத்ததாம்.

"அக்கா."

திரும்பவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

பார்த்தேன். காலையில் எங்களுக்கு முதுகு காட்டிய அதே விலங்கு எழுந்து இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஒரு குட்டி. குட்டி ஏறும், உருளும், தாய் ஒரு கையால் பிடித்து மறுபடி மடியில் போடும். மறு கையில் மூங்கில். குட்டி மறுபடி உருளும். முப்பத்தொரு பேர் எட்டாயிரம் கிலோமீற்றர் கடந்து பார்க்க வந்த காட்சியைப் பார்க்க அங்கே ஒரே ஒருவர் இருந்தார், நாங்கள் விட்டுவிட்டுப் போனவர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. எங்களைத் தேடியிருப்பியள்."

"நான் ஏன் தேடுறன்? நீங்கள் போகேக்கை கண்டனான். மஞ்சள் கொடி முன்னால, நேசன் பின்னால. வாசலடியில நிண்டு எண்ணினியள். நான் இந்த மரத்தடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"பின்னை ஏன் கூப்பிடேல்லை?"

"எண்ணினது சரியா வந்திட்டுது எண்டு உங்கட முகத்தில தெரிஞ்சுது. நான் வந்து குழப்புவானேன்?"

குட்டி மறுபடி உருண்டது.

"ஒருத்தராவது திரும்பிப் பாப்பினம் எண்டு கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு இது எழும்பிட்டுது. பிறகு நான் உங்களை மறந்திட்டன்," என்றார். பிறகு மெதுவாக, "நேசன் வரேல்லையோ?"

"பிள்ளையளோட ரயிலில போயிட்டார் அக்கா."

"ஓம். பிள்ளையளோட போகத்தானே வேணும்."

அடுத்த ரயிலில் இருவரும் சியானுக்குப் போனோம். மூன்றரை மணிநேரம். அந்தப் பாதை சின்லிங் மலையைக் குடைந்து போகிறது; சுரங்கம், வெளிச்சம், சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் ஒலிவாங்கியில் நான் சொன்னதைச் சொல்லிவிட வாய் திறப்பேன். அதற்குள் வெளிச்சம் வந்துவிடும். வெளிச்சம் வரும் ஒவ்வொரு தரமும் அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்து மலையைப் பார்ப்பார். "இதிலயோ தம்பி? இந்தக் காட்டிலயோ?" "இதே மலைதான் அக்கா, இன்னும் உயரத்தில." அடுத்த சுரங்கம். காலநிலை பேசினேன், லண்டன் பஸ் பேசினேன், என் மகனின் பரீட்சை பேசினேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பேசவில்லை. எத்தனை சுரங்கம் இருந்தாலும் கோழைக்குப் போதாது.

சியானில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். கைதட்டி வரவேற்றார்கள்.

"என்ன மச்சாள், வழி மாறிட்டியளாமே!" என்றார் சுகந்தி.

"அக்கா, உங்களுக்கு ஒரு கழுத்து மணி வாங்கிக் கட்டவேணும்," என்றார் துரை அண்ணை. மேசை சிரித்தது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் நூடில்ஸைப் பார்த்தேன். மிக நீளமான நூடில்ஸ். சியான் அதற்குப் பெயர் போன ஊர். அதன் நுனியைக் கண்டுபிடிக்கும் வரை நான் தலை நிமிரவில்லை.

அடுத்த நாள் மண்சிப்பாய்கள். வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் நின்றார்கள், ஒருவருக்குக் கூட இன்னொருவரின் முகம் இல்லை என்று லின் விளக்கினாள். நான் கேட்கவில்லை, நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகந்தி அவருடைய கைப்பை வாரைப் பிடித்திருந்தார். மூத்த மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், "அன்ரி, ஆர் யூ ஓகே?" கழிப்பறைக்குக்கூடத் துணை. நேற்று வரை ஒருவராலும் எண்ணப்படாதவரை இன்று எல்லோரும் எண்ணினார்கள். அன்பால்தான் செய்தார்கள். அதுதான் கொடுமை, அன்பை எதிர்த்து எங்கே முறையிடுவது?

மாலையில் நேசன் என்னிடம் வந்தார். "தம்பி, நாளைக்கு அக்கா ஹோட்டலில நிக்கட்டும். வழி மாறுற ஆளைக் காட்டுக்குள்ள கொண்டுபோக ஏலாது. நீங்களும் பாவம். அவவுக்கும் சொல்லிட்டன்."

நாளைதான் குரங்குகள். ஒரே ஒரு நாள்.

"பாப்பம் அண்ணை," என்றேன். லண்டன் தமிழில் "பாப்பம்" என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சிறிது நேரத்தில் மின்தூக்கி வாசலில் அக்கா நின்றார். காலில் புதுக் காலணி. மலையேறுவதற்கென்று லண்டனில் வாங்கியது. ஹோட்டல் கம்பளத்தில் நடந்து பழக்கிக்கொண்டிருந்தாராம்.

"தம்பி, நான் வழி மாறினன் எண்டு மைக்கில ஆர் சொன்னது?"

"அந்த நேரத்தில அக்கா... சனத்தை அமைதிப்படுத்த..."

"நான் முப்பது வருசமா அந்த ஊரில தனிய வேலைக்குப் போய் வாறன். மூண்டு பஸ் மாறிப் போறனான். ஒரு நாளும் வழி மாறேல்லை."

"ஓம் அக்கா. லண்டன் போனபிறகு நேசன் அண்ணையிட்ட ஆறுதலாச் சொல்லுறன்."

"லண்டனில குரங்கு இல்லை." அவர் குரலை உயர்த்தவில்லை. "மைக்கில சொன்னதை மைக்கிலதான் திருப்பி எடுக்கவேணும்."

நான் அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்து கணக்குப் போட்டேன். சொன்னால் என்ன ஆகும்? ஆறு குடும்பமும் லண்டனில் அறுபது குடும்பத்துக்குச் சொல்லும். ஆளை விட்டிட்டு வந்தவன். ஹரோவில் ஒரு கலியாணம், இல்ஃபோர்டில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, அவ்வளவு போதும், என் தொழிலுக்குச் சங்கு. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பெண்மணி ஒரு நாள் ஹோட்டலில் இருப்பார். எவ்வளவு சின்ன விலை! கோழையின் தராசில் மற்றவருடைய பங்கு எப்போதும் எடை குறைவாகத்தான் நிற்கும்.

காலை ஆறரை. கோச் உறுமிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். அக்கா வாசற்படியில் நின்று பிள்ளைகளுக்குக் கைகாட்டினார். ஹோட்டல் செருப்பு போட்டிருந்தார். புதுக் காலணியைக் கழற்றிவிட்டார் என்பதை அப்போதுதான் கண்டேன்.

பழக்கம் பழக்கம்தானே. கூப்பிட்டேன். நோர்பரி. ஐஞ்சு. தோர்ண்டன் ஹீத். ஆறு. குட்மேய்ஸ், ஹரோ, இல்ஃபோர்ட், சட்டன். எல்லாம் சரி.

மறுபடியும் சரியாக வந்தது. அவர் இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல், அவ்வளவு அழகாகச் சரியாக வந்தது. அந்தச் சரியைக் கேட்டதும் லின்னிடம் கையை நீட்டினேன். அவள் கேட்காமலே ஒலிவாங்கியைத் தந்தாள். இரண்டு நாளாகத் தரக் காத்திருந்தவள் போல.

"எல்லாரும் கேளுங்கோ. அக்கா வழி மாறேல்லை. நான்தான் எண்ணேல்லை. இப்ப எண்ணின மாதிரித்தான் அண்டைக்கும் எண்ணினன். அவவின்ரை பேர் என்ரை கணக்கிலயே இல்லை. பிறகு உங்களுக்குப் பொய் சொன்னன்."

யாரோ ஒரு பிள்ளை, "அப்பா, வட் டிட் ஹி சே?" என்று கேட்டது. யாரும் மொழிபெயர்க்கவில்லை.

துரை அண்ணைதான் முதலில் பேசினார். "அப்ப தம்பி, மணி கட்டவேண்டியது உமக்கு."

சிரிப்பு வந்தது, ஆனால் எனக்குத் தோதான சிரிப்பு அல்ல. பிறகு நேசன் எழுந்தார். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டி இறங்கினார். வாசற்படியில் அக்காவோடு அவர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் மட்டும். அக்கா உள்ளே போனார். நான்கு நிமிடத்தில் காலணியோடு வந்தார். நேசன் கைப்பையை வாங்கக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு ஏறி, முன் சீட்டில், லின்னின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மலையில் படிகள் முடியும் இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர், பச்சைச் சட்டை, தேய்ந்த தொப்பி. கூட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு எடுப்பது அவர் வேலை என்று லின் சொன்னாள். குடும்பம் குடும்பமாக வாழும் சாதியாம். ஒரு குடும்பத்திலும் சேராத தனி ஆட்களும் கொஞ்சம் தள்ளி, அதே கூட்டத்தோடு மலை ஏறி இறங்குமாம். எப்படி எண்ணுவார் என்று கேட்டேன். அந்த மனிதர் தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். முகம் முகமாக.

பிறகு மரங்கள் அசைந்தன. முதலில் காற்று என்று நினைத்தோம். காற்று அல்ல. பொன். கிளையிலிருந்து கிளைக்கு, விழாமல் விழுந்து, வெயிலை உடுத்திக்கொண்டு வந்தன. முகம் நீலம். மழை வரப்போகும் மாலை போல ஒரு நீலம். ஹரோ குடும்பத்துப் பிள்ளைகள் கத்தப் பார்த்தார்கள்.

"ஸ்ஸ்ஸ்," என்றார் தவமலர் அக்கா. முப்பத்தொரு பேரும் அடங்கினோம். நானும்.

ஒரு தாய்க்குரங்கு பத்தடி தூரத்தில் வந்து குந்தியது. அக்காவை நேராகப் பார்த்தது. அக்காவும் பார்த்தார். யாரும் படம் எடுக்கவில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் துரை அண்ணை எடுத்தார். பின்னால் நின்று, அக்காவும் குரங்கும் சேர்ந்து விழும்படி ஒன்று. இந்தப் பயணத்தில் அக்கா இருக்கும் முதற் படம் அதுதான்.

இறங்கும்போது நான் ஒவ்வொருவருடைய தோளையும் தொட்டு எண்ணினேன். அக்காவின் தோளைத் தொட்டபோது, "முப்பத்திரண்டு," என்று அவரே சொன்னார், நான் சொல்லும் முன்.

என் தொழிலுக்குச் சங்கு ஊதப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் கதை பரவியது உண்மை. இரண்டு கலியாணங்களில் என்னைக் கண்டதும் ஆட்கள் தங்களைத் தாங்களே எண்ணிக் காட்டினார்கள். ஆனால் அடுத்த வருடமும் பதிந்தார்கள். ஒளிக்காதவன் என்று சிலர் சொன்னார்களாம். அதை நம்பாதீர்கள். ஒரு நாளும் இரண்டு இரவும் ஒளித்தவன் நான். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். சிம் ஆளுக்கு ஒன்று.

அந்தப் பயணத்தின் முடிவில் ஹீத்ரோவில் பெட்டிகள் வந்து முடிந்தன. தள்ளுவண்டிகள் நோர்பரிக்கும் சட்டனுக்கும் ஹரோவுக்கும் பிரிந்தன. நேசன், "அக்கா, காரில ஏத்திக்கொண்டு போறம்," என்றார். "எனக்கு ரயில் இருக்கு," என்றார் அக்கா. நான் அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு நிலக்கீழ் ரயில் வாசல் வரை போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அடுத்த வருசம் கொக்குகள் பாக்கப் போறம் அக்கா, பனிக்கால ஏரியில. நீங்கள் கட்டாயம் வரவேணும்."

அவர் பயண அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாண்டா நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"போவன் தம்பி, கட்டாயம் போவன். ஆனா உங்களோட இல்லை. தனியப் போனால் என்னை விட்டிட்டுப் போக ஒருத்தரும் இருக்காயினம்தானே."